முப்பத்தெட்டுக்கு மேல்

ஒரு இடத்தில் உட்காருவது எனக்கு இன்றைக்கும் வராது. அலுவலகக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் இழுத்து இழுத்துப் பேசினால் அவருடைய வாக்கியத்தை நானே முடித்து வைத்துவிடுவேன். மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எழுந்துபோய் வாசலில் நின்ற நாட்கள்தான் அதிகம். சின்ன வயதில் இது இன்னும் மோசம். “காலில சக்கரம் கட்டிக்கிட்டுப் பிறந்தவ” என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அப்படிப்பட்டவளை ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தது ஒரு கம்ப்யூட்டர். குறிப்பாகச் சொன்னால், அது போட்ட சத்தம்.

கம்ப்யூட்டர் என்றதும் இன்றைய சாமானை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது வெறும் விசைப்பலகை. இரண்டு விரல் உயரம். விசைகள் அழிரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். பின்னால் தொங்கும் வயரை டிவியின் ஆன்டெனா துளையில் சொருகி, சேனல் குமிழைத் திருகித் திருகி, புள்ளி மழை ஓய்ந்து வெள்ளைத் திரை தெரிந்தால் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு அவருடைய மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கும் தெரியவில்லைதான். ஆனால் கம்ப்யூட்டர் என்ற சொல்லின் மேல் அவருக்குப் பக்தி இருந்தது.

அந்தப் பக்தியை வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. கை கால் கழுவாமல் அதைத் தொடக் கூடாது. ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூடிரைவர், அப்பாவின் சைக்கிள், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றோடும் அதையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். சந்தனத்தில் தண்ணீர் கூடிப்போயிருக்க வேண்டும். வழிந்து, கீழ் வரிசையில் இருந்த ‘இசட்’ விசைக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. அதன் பிறகு அந்த விசையை அமுக்கினால் தானாக எழும்பாது, நகத்தால் நெம்ப வேண்டும். சத்தம் போடும் கட்டளை அந்த விசையில்தான் இருந்தது. என் பொறுமைக்கு அதைவிடப் பெரிய சோதனை தேவையில்லை.

‘பீப்’ என்பது கட்டளையின் பெயர். அதைப் போட்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் என்று இரண்டு எண் கொடுத்தால் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய சத்தம் வரும். இரண்டாவது எண் ஏற ஏற சத்தம் கூர்மையாகும். அறுபது கொடுத்தால் பல் கூசும். சரிகமபதநி போட்டுப் பார்த்தேன். ரயில் ஹாரன் போட்டுப் பார்த்தேன். பால்காரர் சைக்கிள் மணி போட்டுப் பார்த்தேன். எதுவும் அதுவாக வரவில்லை. கடைசியில் எனக்குப் பிடித்துப்போனது, பூஜ்யத்தில் தொடங்கி அறுபது வரை படிப்படியாக ஏறிப்போகிற ஒரு சத்தம்தான். மூன்று வரி புரோகிராம். மாடியிலிருந்து அது கேட்டுக் கேட்டுக் கீழ்வீட்டில் அதற்கு ‘ராக்கெட்டு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் கொரட்டூரில் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். பரம்பரையாக அதே ஊர்க்காரர்கள், ஏரிப் பக்கம் நெல் போட்டவர்கள். நாங்கள் குடி வந்த காலத்தில் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. பெரிய மகன் வேன் ஓட்டினார், சின்னவர் ஸ்டேஷன் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அந்த வீட்டம்மாவை நானும் தங்கையும் அத்தை என்று கூப்பிடுவோம். தங்கைக்கு அப்போது மூன்றரை வயது. கண் விழித்ததும் படி இறங்கிவிடுவாள். அத்தை வீட்டில் இட்லி, அத்தை வீட்டில் தூக்கம், வேன் கிளம்பும்போது முன் சீட்டில் தெருமுனை வரைக்கும் ஒரு சவாரி. அம்மாவும் வேலை குறைந்ததென்று நிம்மதியாகத்தான் இருந்தாள்.

பிரச்சினை ‘ஊடு’ என்ற சொல்லில் ஆரம்பித்தது. ஊரிலிருந்து வந்திருந்த சித்தி, “நீ எங்கட்டி போற?” என்று கேட்டதற்குத் தங்கை படிக்கட்டைக் காட்டி “ஊடு” என்றாள். சித்தி சிரித்துவிட்டு மறந்துவிட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திருநெல்வேலிக்காரி. தமிழ் என்றால் தன் ஊரில்தான் ஒழுங்காகப் பேசுகிறார்கள் என்ற எண்ணம் அவளுக்கு இன்றைக்கும் மாறவில்லை. அன்றிலிருந்து தங்கையின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். சோற்றைத் தங்கை ‘ஓறு’ என்றாள். கதவை ‘அவு’ என்றாள். தண்ணீர் வேண்டுமென்றால் ‘அண்ணி’ என்றாள். வீட்டில் யாருக்கும் அண்ணி கிடையாது என்பதால் அதுவரை எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. ‘ஊடு’ கீழ்வீட்டில் கற்றது என்பது நிச்சயம். அதனால் மிச்சமெல்லாமும் அங்கே கற்றதுதான் என்று அம்மா ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாள்.

“முழுசா ஒரு வார்த்தை வாயில வரமாட்டேங்கு. எல்லாம் இந்த ஊர்ப் பாஷை. பாதியை முழுங்கிட்டுல்லா பேசுதாவ” என்றாள் அப்பாவிடம்.

“ஸ்கூல்ல சேர்த்தா சரியாயிரும்.”

“சேர்க்கணும்லா? எல்கேஜி இன்டர்வியூல தண்ணியக் காட்டி அண்ணின்னு சொன்னா எவன் சேர்ப்பான்?”

அப்பா பேப்பரை மடித்துவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாளிலிருந்து படிக்கட்டுக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் விழுந்தது. தங்கை கீழே போகக் கூடாது.

காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு அம்மா அவளை எதிரில் உட்கார வைத்துக்கொள்வாள். “வீ…டு.” தங்கை அம்மாவின் வாயையே பார்ப்பாள். பிறகு சிரமப்பட்டு “வீடு” என்பாள். “தண்ணி.” “தண்ணி.” அம்மாவுக்கு முகம் மலரும். எழுந்துபோய் இட்லியை இறக்கிக்கொண்டே, திரும்பாமல், “தண்ணி சொல்லு” என்பாள். பின்னாலிருந்து “அண்ணி” என்று வரும். அம்மாவுக்கு உச்சியில் ஏறிவிடும். நேராகப் பார்த்தால் ஒழுங்காகச் சொல்கிறவள் முதுகைக் காட்டினால் மாற்றிச் சொல்கிறாள் என்றால் அது பிடிவாதம் அல்லாமல் வேறென்ன? கரண்டிக் காம்பால் முட்டியில் ஒரு தட்டு விழும். பலமான அடி இல்லை. ஆனால் தினமும் விழுந்தது.

தங்கை அழுதுவிட்டுப் போய்ப் படிக்கட்டுக் கதவருகே நிற்பாள். கீழே அத்தை யாரையாவது சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கதவை இரண்டு கையாலும் தட்டுவாள். சில நாளில் தட்டுவதையும் விட்டுவிட்டாள். அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள், வாயைத் திறக்க மாட்டாள். பேசினால்தானே அடி. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் பறந்தது. இந்தப் பெண் இப்படியே ஒருநாள் மொத்தமாகப் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பத்து வயதில் அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் அம்மா, “முதல்ல நீ ஒரு இடத்தில உட்காரு” என்பாள்.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தேன். ராக்கெட் சத்தம் ஏறிக்கொண்டிருக்கும்வரை குதிக்க வேண்டும். சத்தம் நின்றதும் சிலையாக நின்றுவிட வேண்டும். நகர்ந்தால் அவுட். ஒரு தடவை குதித்துக் காட்டினேன், புரிந்துகொண்டாள். விசையை நகத்தால் நெம்பி விட்டுவிட்டு நானும் அவளோடு குதித்தேன். சத்தம் பாதி ஏறும்போதே அவள் சிலையாகிவிட்டாள்.

“ஏய், இன்னும் வந்துட்டு இருக்குல்ல? குதி.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் சிமிட்டாமல், பெருமையாக நின்றாள். நான் குதிப்பதைப் பார்த்து, நான்தான் அவுட் என்று விரலைக் காட்டினாள். அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றாள். மெதுவாக ஏறும்படி மாற்றினேன், வேகமாக ஏறும்படி மாற்றினேன். எண் திரையில் தெரியும்படி ஒரு வரி சேர்த்தேன். முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அதற்குமேல் அவள் கால் தரையை விட்டு எழும்பவில்லை. களைத்துப் போயிருப்பாள் என்று தண்ணீர் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒன்று செய்தேன். தலைகீழாகப் போட்டேன். அறுபதிலிருந்து கீழே.

எனக்குப் பல் கூசியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்து நின்றாள், எப்போது ஆரம்பிக்கப் போகிறாய் என்பது போல. ஐம்பது. நாற்பத்தைந்து. அறை முழுக்கச் சத்தம், அவள் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வந்தது. குதிக்க ஆரம்பித்தாள்.

சமையலறைக்கு ஓடினேன்.

“அம்மா, அவளுக்கு மேல் சத்தம் கேக்கலை.”

“மேல் சத்தமா? என்னட்டி உளறுத?”

“கீச்சுன்னு இருக்கிற சத்தம் அவளுக்குக் கேக்கலை.”

“காது கேக்காத பிள்ளை பேரைச் சொன்னா திரும்புமா? வேன் வந்தா ஓடிப்போய்ப் பார்க்குமா? டாக்டர் பின்னால நின்னு கைதட்டிப் பார்த்தார்லா? என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை. அந்தச் சனியனை அமத்திட்டு வந்து வெங்காயம் உரி.”

அம்மா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பேரைச் சொன்னால் திரும்பினாள், கைதட்டினால் திரும்பினாள். வெங்காயத்தை உரிக்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். என் நடை பொறுக்காமல் அம்மா மாவு வாங்கிய தூக்கைக் கீழே கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

அத்தை வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தூக்கை வாங்காமலே கேட்டாள்.

“இன்னா பாப்பா, உன் தங்கச்சிய இன்னாத்துக்கு பூட்டி வெச்சிகினு கீறாங்க? எதனா தப்பு பண்ணிட்டமா நாங்க?”

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “உங்க பேச்சு ஒட்டிக்குதாம்” என்றேன்.

அத்தை மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “எங்க பேச்சா? ஊட்ட ஊடுன்னுதான் சொல்றோம், இல்லன்னு சொல்லல. ஆனா சோத்த சோறுன்னுதான் சொல்றோம். தண்ணிய தண்ணின்னுதான் கேக்கறோம். கொயந்த அண்ணிங்குது. நானும் பல தபா சொல்லிப் பாத்துட்டேன். எங்க ஊட்ல எவனும் அப்டி பேசறது இல்ல. அது யார் பேச்சுன்னு உங்கம்மா கைல போய் கேளு.”

கோபத்தில்தான் சொன்னாள். நான் ஒரு படி விட்டு ஒரு படி தாவி மாடி ஏறினேன். ஏறும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சோறு. ‘ச்’ என்பது உதட்டுக்கு வெளியே கீச்சென்று மெலிசாகப் போனது, ராக்கெட்டின் உச்சி மாதிரி. ‘ஓ’ தடியாகக் கீழேயே இருந்தது. தண்ணியில் ‘த்’ மெலிசு, மிச்சம் தடி. மெலிசையெல்லாம் எடுத்துவிட்டால் ஓறு, அண்ணி. தங்கை யார் பேச்சையும் பேசவில்லை. காதில் விழுந்ததைச் சரியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் போகவில்லை. அப்பா வரும்வரை காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மதியம் அதற்குப் பிறகு வந்ததில்லை.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. பேச்சை நம்ப மாட்டார், அளந்து பார்த்தால் நம்புவார். முதலில் மிஷின் கோளாறு என்றார். விசைப்பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அது இல்லை என்றார். நான் அவளுக்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறேனோ என்று என்னைச் சமையலறைக்குள் நிறுத்தினார். டிவி மேல் துண்டைப் போட்டார். பிறகு தானே எண்களைத் தாறுமாறாகக் கொடுத்தார். இருபது, ஐம்பது, பத்து, நாற்பத்திரண்டு. நான் கதவிடுக்கில் பார்த்தேன். தங்கை குதித்தாள், நின்றாள், குதித்தாள், நின்றாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம், அப்பா தன்னோடு விளையாடுகிறார் என்று.

அப்பா பிளக்கைப் பிடுங்கினார். “நாளைக்கு லீவு போடுறேன்” என்றார்.

“எதுக்கு? பொம்பளப் பிள்ளைக்குக் காது கேக்கலைன்னு தமுக்கு அடிக்கவா?” என்றாள் அம்மா. அவளுக்குப் பயம் என்பது இப்போது புரிகிறது. அப்போது கோபம்தான் வந்தது. கொஞ்சம் இன்னும் மிச்சமும் இருக்கிறது, மறைப்பானேன்.

தங்கை இப்போது ஆவடியில் இருக்கிறாள். இரண்டு காதிலும் மிஷின். ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பு, நாள் முழுக்கப் பேச்சுதான். என்னோடு சண்டை வந்தால், நான் ஜெயிக்கப் போகும் நேரமாகப் பார்த்து இரண்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு புன்னகை செய்வாள். அழுகுணி ஆட்டம் என்றால் அதுதான். இதை எழுதுகிறேன் என்று சொன்னபோது, “எனக்கு அந்த ஆட்டம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. நான் ஜெயிச்சேன்ல?” என்றாள். பரிசோதனைக்குப் போன நாள் அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

நாலு பேரும் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறை. தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் தங்கை ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். என்னை அவர்கள் மூன்று தடவை உட்காரச் சொன்னார்கள். பரிசோதனை செய்த அம்மையார் ஒரு தாளில் கோடு வரைந்துகொண்டே வந்தார். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு மேல் சத்தம் வரும் இடத்தில் மளமளவென்று கீழே சரிந்தது. அப்பா அதைப் பார்த்துத் தலையாட்டினார். தாளையெல்லாம் அம்மா பார்க்கவே இல்லை.

“நான் சொன்னா அவளுக்கு எல்லாம் புரியும் மேடம். வீட்டில எல்லாம் எடுத்துத் தருவா” என்றாள்.

அந்த அம்மையார் மேஜையில் சீப்பு, பந்து, கரண்டி, சின்னப் பொம்மை எல்லாம் பரப்பினார். அம்மாவிடம் ஒரு அட்டையைக் கொடுத்தார். “உங்க வாயை மட்டும் இதால மறைச்சுக்கிட்டு, ஏதாவது ஒண்ணை எடுக்கச் சொல்லுங்கம்மா. சாதாரணமா, வீட்டில பேசற மாதிரி.”

அம்மா அட்டையை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். “சீப்பு எடு கண்ணு.”

தங்கையின் கை நீண்டது. பொம்மைக்கும் கரண்டிக்கும் நடுவே நின்றது. அவள் பொருள்களைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, நடந்துவந்து, அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு தடவைம்மா” என்றார் அந்த அம்மையார்.

அம்மா மறுபடி மறைத்துக்கொண்டு சொன்னாள். இந்தத் தடவை தங்கை பொருள்கள் பக்கமே போகவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், கொஞ்சம் கோபமாக.

“கடைசியா ஒரே ஒரு தடவை.”

அம்மா அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். “போதும் மேடம்” என்றாள். தரையில் குந்தி உட்கார்ந்து, தன் முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய், மெதுவாக, “சீப்பு” என்றாள்.

தங்கை திரும்பிப் போய்ச் சீப்பை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தாள்.